வாலில் ஒளியும் இடர்

2008ஆம் ஆண்டின் நடுவில் உச்சத்தில் நின்ற இறப்பர் விலை, அந்த ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. யட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டங்களில் மரத்துக்கு நோயில்லை, பாலிலும் குறையில்லை. அமெரிக்காவில் வீட்டுக்கடன்கள் முறிந்தன. வங்கிகள் தள்ளாடின, கார் வாங்குவோர் குறைந்தனர், டயர் ஆலைகள் கொள்முதலைச் சுருக்கின. கேகாலையின் பால்வெட்டுக் கத்திக்கும் நியூயோர்க்கின் கடன் பத்திரத்துக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம்! இரத்தினபுரியின் தாழ்நிலத் தேயிலையும் அப்போதே விழுந்தது.

இப்படியொரு நெருக்கடி வரலாம் என்று மூன்று ஆண்டுகள் முன்பே எச்சரித்தவர் ரகுராம் ராஜன். போபாலில் பிறந்த தமிழர். டெல்லி ஐஐடியில் மின்பொறியியல் படித்துவிட்டுப் பொருளியலுக்கு வந்தவர். 40 வயதில் சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளர். 2005 ஆகஸ்டில், அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் மத்திய வங்கியாளர்கள் கூடினார்கள். நிதிச் சந்தைகள் உலகைப் பாதுகாப்பாக்கிவிட்டன என்று அக்கூட்டத்துக்கு எழுதத்தான் ராஜன் உட்கார்ந்தார். தரவுகள் எதிர்த்திசையைக் காட்டின.

அவர் கண்ட சூட்சுமத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு நிதி முகாமையாளர் ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபா வாங்கிக்கொண்டு, இன்னொருவருடைய பெருநட்டத்துக்குப் பொறுப்பேற்கிறார். அது நேரும் வாய்ப்பு ஆண்டுக்கு 100இல் 2. நேர்ந்தால் 60 இலட்சம் போகும். சராசரி நட்டம் ஆண்டுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். அதாவது, இது தோற்கும் வியாபாரம். ஆனால் 10 ஆண்டுகள் எதுவும் நேராமலிருக்கும் வாய்ப்போ 100இல் 82! போனஸும் பாராட்டுமாக அவர் ஓய்வுபெற்றுவிடலாம். நிகழ்தகவு வளைகோட்டின் மெலிந்த ஓரத்தில் ஒளிந்திருப்பதால் இதற்கு வால் இடர் என்று பெயர். மலைச்சரிவின் அடியில் லயம் கட்டி, மண் சரியாத ஒவ்வோர் ஆண்டையும் இலாபமாக எழுதுவது போன்றது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை இறங்கியதைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இதைவிட விசித்திரம், விவரம் தெரிந்தவரும் விலகி நிற்க முடியாது என்பது. பக்கத்து நிறுவனம் கூடுதல் இலாபம் காட்டும்போது, நிதானமானவர் திறமையற்றவராகத் தெரிவார். அவரும் கூட்டத்தில் சேர்வார். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தபின் சரிவு வந்தால், விற்க ஆயிரம் பேர், வாங்க ஆளில்லை. ஜாக்சன் ஹோலில் பொருளியலாளர் லாரன்ஸ் சம்மர்ஸ் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை.

2010இல் வந்த 'ஃபால்ட் லைன்ஸ்' நூலில் ராஜன் இன்னும் ஆழத்துக்குப் போனார். சாதாரண அமெரிக்கரின் கூலி உயரவில்லை. அதைச் சீர்செய்வது கடினம், வீட்டுக்கடனை இலகுவாக்குவது சுலபம். அரசியல்வாதிகள் சுலபமானதைச் செய்தார்கள் என்கிறார். நான் அந்த நூலின் சிறந்த பகுதியாகக் கருதுவது இதைத்தான்.

வால் இடருக்கு அவர் சொன்ன பரிகாரம், முகாமையாளரின் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைச் சில ஆண்டுகள் பிடித்துவைப்பது. 2009இல் ஜி-20 நாடுகளின் நிதி உறுதிப்பாட்டுச் சபையும் அவ்வழியில், பெருவங்கி உயரதிகாரிகளின் போனஸ் முதலிய மாறும் ஊதியத்தில் 40 முதல் 60 சதவீதத்தைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பிற்போடச் சொன்னது. 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய சரிவுக்கு 3 ஆண்டு எந்த மூலைக்கு என்பதுதான் என் சந்தேகம்.