கடவுச்சீட்டு மாறியவரின் ஐந்து சென்ட்

சிங்கப்பூரில் வெளிநாட்டவர் ஒருவர் குடியிருப்பு வாங்கினால், 2023 ஏப்ரல் 27 முதல், கூடுதல் முத்திரைத் தீர்வையாக மட்டும் விலையில் 60 சதவீதம் கட்ட வேண்டும். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பெயரில் நிலம் பதிவாகாது. அடுக்ககத்தில் வாங்கலாம், ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்பில் வெளிநாட்டவர் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கனடா 2023 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவருக்கு வீடு விற்பதையே தடுத்து, அந்தத் தடையை 2027 தொடக்கம் வரை நீட்டியிருக்கிறது. துபாயில் பதிவுக்கு 4 சதவீதம். குமரி மாவட்டத்து நாகர்கோவிலில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்.

இந்த 9 சதவீதத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஓய்வுக்காலத்துக்கு இங்கே வீடு வாங்க வரும் வெளிநாட்டுக் குடிமக்களில் மிகப் பலர் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான். தக்கலையிலோ பூதப்பாண்டியிலோ பிறந்து, நர்சிங்கோ பொறியியலோ படித்து, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் முப்பது வருஷம் வேலை பார்த்து, அந்த நாட்டின் கடவுச்சீட்டு வாங்கியவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளிநாட்டவர். 275 டாலர் கட்டி வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை, அதாவது ஓசிஐ, எடுத்துவிட்டால் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம், எண்ணிக்கைக்கு வரம்பில்லை. அமெரிக்க ஐரோப்பிய வம்சாவளியினர் சுற்றுலா விசாவில் வந்து கோவளத்துக் கடலைப் பார்த்து ஆசைப்பட்டால் அது நடக்காது. வெளிநாட்டில் வசித்தபடியே அவர்கள் இங்கே பெறக்கூடியது 5 ஆண்டுக்கு மிகாத குத்தகை மட்டும். இலங்கைக் குடிமக்களுக்கு இன்னும் இறுக்கம்: பாகிஸ்தான், சீனா உள்ளிட்ட 11 நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருப்பதால், ஓசிஐ அட்டை இல்லாதவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். (இந்த மாவட்டத்தில் வெளிநாட்டவர் ஒருவர் சாகும் வரை தங்கிய பழைய கதையும் உண்டு. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டி லனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777-ல் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அவருக்குப் பதிவுச் செலவு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.)

இனிச் செலவுக் கணக்கு. நாகர்கோவில் மாநகராட்சியை ஒட்டிய ஊரில் 5 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 1 சென்ட் 435.6 சதுர அடி, ஆக 2,178 சதுர அடி. இங்கே விலை பேசுவது சென்ட் கணக்கில்தான். சென்னையிலிருந்து மருமகன் வந்தால் ‘கிரவுண்டுக்கு என்ன?’ என்று கேட்டுத் திணறுவார். சென்ட் 8 லட்சம் என்பதும், கட்டுமானம் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்பதும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள்; பார்வதிபுரத்தில் இது பத்தாது, தோவாளைப் பக்கம் மிஞ்சும்.

நிலம், 5 சென்ட்: 40,00,000
முத்திரைத் தீர்வை 7%: 2,80,000
பதிவுக் கட்டணம் 2%: 80,000
வீடு, 1,200 சதுர அடி: 30,00,000
மொத்தம்: 73,60,000

ஒரு டாலர் 90 ரூபாய் என்றால் இது சுமார் 81,800 டாலர். மதில், ஆழ்துளைக் கிணறு, வக்கீல், பத்திர எழுத்துக் கூலி தனி. தீர்வையும் கட்டணமும் அரசின் வழிகாட்டி மதிப்புக்கோ பத்திரத்தில் காட்டும் விலைக்கோ, எது அதிகமோ அதற்கு. 2023 மார்ச் கடைசி வரை பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. அதைப் பாதியாக்கிய அதே வேளையில் வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்தைய அளவுக்கு உயர்த்தியதால், இடது கையால் கொடுத்ததை வலது கை எடுத்துக்கொண்டது.

கறுப்புப் பணம் என்ற பத்தியை யாரும் எழுதி வைப்பதில்லை; வெளிநாட்டுக் குடிமகனுக்கு அதுதான் விலை உயர்ந்த பத்தி. நிலம் 50 லட்சத்துக்குப் பேசி, பத்திரத்தில் 40 லட்சம் காட்டி, மீதி 10 லட்சத்தைக் கையில் கொடுக்கச் சொல்வார்கள். சட்டப்படி ஓசிஐ அட்டைக்காரர் பணத்தை வங்கி வழியாகவோ, என்ஆர்இ, என்ஆர்ஓ, எஃப்சிஎன்ஆர் எனும் வெளிநாடுவாழ் இந்தியர் வங்கிக் கணக்கிலிருந்தோதான் தர வேண்டும். வெளிநாட்டு நோட்டுக் கட்டு செல்லாது. சில ஆண்டு கழித்து அதே நிலத்தை 50 லட்சத்துக்கே விற்றால் அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. ஆனால் காகிதத்தில் 10 லட்சம் லாபம், அதற்கு 12.5 சதவீத வரியும் வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 1,30,000 ரூபாய். கையில் கொடுத்த 10 லட்சமோ, வெளிநாட்டிலிருந்து வந்ததற்குச் சாட்சி இல்லாத பணம்.

விற்பவர் யார் என்பதும் செலவுதான். உள்ளூர்க்காரரிடம் 50 லட்சத்துக்குக் கீழ் வாங்கினால் வருமான வரிப் பிடித்தம் கிடையாது. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 சதவீதம். ஆனால் இந்த மாவட்டத்தில் விற்பவரும் பல நேரம் வெளிநாட்டில் இருப்பார். அப்போது 50 லட்ச வரம்பு செல்லாது. 48 லட்ச ரூபாய் வீட்டுக்கு 13 சதவீதம், அதாவது 6,24,000 ரூபாயை வாங்குகிறவரே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் பொறுப்பு வாங்கியவர் தலையில்.

இதுவரை சொன்னது தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் பொருந்தும். குமரி மாவட்டத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. அது பழைய பத்திரங்களுக்குள் கிடக்கிறது.

1956 நவம்பர் 1 அன்றுதான் இந்த மண், இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர், கடைசிச் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி. தாய்ப்பத்திரத்தைக் கேட்டால் மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டில் எழுதிய தாள் வரும். ‘1110’ என்று தேதி இருந்தால் அது 1934-35. ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் 825 கூட்டிக்கொள்ள வேண்டும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பழைய பத்திர எழுத்தர்கள் இந்தத் தாளைக் கண்ணாடிக்கு வெகு பக்கத்தில் பிடித்து, விலையைப் பார்ப்பதற்கு முன் பெயர்களைப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி: “தங்கச்சிமாரு ஒப்பு உண்டா?”

கேள்விக்குக் காரணம் உண்டு. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், கொல்லம் 1092, அதாவது 1916, மகளுக்கு வைத்த பங்கு மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. குமரி மாவட்டத்தில் அந்தச் சட்டம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1978-லேயே சொன்னது. கேரளத்து மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் தீர்ப்பளித்தபோது, 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று முடிவானது. ஆக, 1951-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவர் ஒருவரின் சொத்தை அண்ணன் தம்பிகள் மட்டும் பங்கிட்டு விற்றிருந்தால், அந்த 5 சென்டில் சகோதரிகளின் சம பங்கு எழுதப்படாமலே இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் குடும்பத்துச் சொத்து என்றால் வேறு சிக்கல்: 1926-ல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வரும்வரை மருமக்கள் வழி நடந்த வீடுகள் அவை. குடும்பத் தலைவரான காரணவரின் பெயரில் இருந்த நிலம் மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்குப் போனதா, மகனுக்குப் போனதா என்பதைப் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் சொல்லும்.

வங்கியும் வக்கீலும் வழக்கமாகக் கேட்பது 30 ஆண்டு வில்லங்கச் சான்று. இன்றிலிருந்து 30 ஆண்டு பின்னால் போனால் 1990-களின் நடுப்பகுதி. மேலே சொன்ன எந்தச் சிக்கலும் அதில் தட்டாது. என் கணக்கில் குமரிக்கு 1951 வரை தேடுவதுதான் குறைந்தபட்சம். கூடுதல் வக்கீல் கட்டணம் சில ஆயிரங்கள். எதிர்ப்பக்கத்தில் நிற்பது 40 லட்சம்.

சட்டத்தைக் கவனிக்காமல் நடந்த கைமாற்றம் எத்தனை ஆண்டு கழித்து உடையும் என்பதற்குப் பெங்களூரு வழக்கு ஒன்று. வெளிநாட்டுக் குடிமகளான ஒரு விதவை 1977-ல் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் தானமாகக் கொடுத்த நிலத்தை, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இடையில் 44 ஆண்டு.

மனையிலும் தேதி பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதிவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. பிறகு வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டும். மலையடிவாரத்துச் சில கிராமங்களுக்கு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும், கடலோரத்தில் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை விதிகளும் உண்டு. அலைச் சத்தம் கேட்கிற மனை என்று தரகர் சொன்னால் மீட்டரை அளந்து பார்க்கவும்.

இனி வயல். நாஞ்சில் நாட்டுக்குத் திரும்பி வருகிறவரின் மனதில் இருப்பது 1,200 சதுர அடி கான்கிரீட் அல்ல. முன்னால் வயல், பின்னால் பத்துத் தென்னை. அதை ஓசிஐ அட்டைக்காரர் வாங்க முடியாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றும் விலக்கு. பட்டாவில் நன்செய் என்று இருந்தால், தரகர் ‘எல்லாரும் வாங்கியாச்சு சார்’ என்று எத்தனை முறை சொன்னாலும், வாங்குகிறவர் விதியை மீறியவராகிறார்.

இங்கேதான் வளைகுடாவும் அமெரிக்காவும் பிரிகின்றன. சவூதியில் இருபது வருஷம் இருந்த குளச்சல்காரருக்கு அந்த நாடு குடியுரிமை கொடுக்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு கையிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும்போது அவரும் வயல் வாங்க முடியாது. ஆனால் நிரந்தரமாகத் திரும்பி உள்நாட்டுவாசி ஆனதும் வாங்கலாம். தமிழ்நாட்டில் விவசாயிதான் விவசாய நிலம் வாங்க வேண்டும் என்ற விதி இல்லை. அவரோடு பள்ளியில் படித்து, சிகாகோவில் செவிலியராக ஓய்வு பெற்று, அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. கையில் பணம் அவளிடம்தான் அதிகம்.

அவளுக்கு ஒரு வழி மிச்சம்: வாரிசுரிமை. அப்பா உயில் எழுதியோ எழுதாமலோ விட்டுப்போன வயல் அவளுக்கு வரலாம். உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் அது தானம். விவசாய நிலத்தில் அது அனுமதி இல்லை. செலவைப் பார்த்தால் செட்டில்மென்ட் மலிவு: குடும்பத்துக்குள் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. அதே 40 லட்சச் சொத்தைக் கிரயமாக வாங்கினால் 3,60,000. இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பெற்றோர் வயலையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். வீட்டை எழுதலாம், வயலை உயிலில் வைப்பதே சரி. அப்படி வந்த வயலை அவள் விற்பதானாலும், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம்.

நாட்களையும் எண்ண வேண்டும். ஒரு நிதியாண்டில் 182 நாள் தங்கினால் வருமான வரிக்கு உள்நாட்டுவாசி. இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் வருகையாளருக்கு வரம்பு 120 நாளாகச் சுருங்கும். நிரந்தரமாக வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் இடைநிலைத் தகுதி கிடைக்கும். பிறகு வெளிநாட்டு ஓய்வூதியம், பங்கு, வட்டி எல்லாம் இங்கே கணக்குக் காட்ட வேண்டியவை.

வாடகைக்கு இருந்தால்? 73,60,000 ரூபாயை 6 சதவீத வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 4,41,600, மாதம் 36,800. நாகர்கோவிலில் அந்தத் தொகைக்குள் நல்ல வீடு வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஆளும் வைக்கலாம். வந்தவுடன் வாங்காமல் இரண்டு ஆனி, ஆடிச் சாரலையாவது வாடகை வீட்டில் கழிக்கச் சொல்வேன். கேட்பவர் குறைவு, பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

கடைசியாக, விற்றுவிட்டுப் போகும் கணக்கு. 2011 தொடக்கத்தில் டாலர் சுமார் 45 ரூபாய். அப்போது 40 லட்சத்துக்கு மனை வாங்கியவர் போட்டது 88,900 டாலர். இன்று அதை 80 லட்சத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். வாங்குகிறவர், கூடுதல் வரியும் சேர்த்து 14.3 சதவீதம், 11,44,000 ரூபாயைப் பிடித்துக்கொள்வார். லாபம் 40 லட்சத்துக்கு உண்மையான வரி 5,20,000தான். குறைந்த பிடித்தச் சான்றிதழை விற்பதற்கு முன்பே வாங்கி வைக்காவிட்டால், மிச்சம் 6,24,000 ரூபாய்க்குக் கணக்குத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். வரி போக நிற்பது 74,80,000. டாலர் 90 ரூபாயில் மாற்றினால் 83,100. ரூபாயில் விலை இரட்டிப்பான மனையில் டாலர் கணக்குக்கு 5,800 நஷ்டம். 2011-ல் கட்டிய முத்திரைத் தீர்வையை இதில் சேர்க்கவில்லை.