குண்டதிர்ச்சி: மூளையின் காயமும் மனத்தின் காயமும்

‘மண்டையில் அடிபட்டது’ என்கிறோம்; ‘மனம் அடிபட்டது’ என்றும் என்கிறோம். தமிழ் வழக்கு இரண்டுக்கும் ஒரே வினையைத் தந்திருக்கிறது. மருத்துவ நூலாரோ இவ்விரண்டையும் நெடுங்காலம் வெவ்வேறு வாயிலில் நிறுத்தியே நோக்கினர். போர்க்களத்திலிருந்து மீண்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சிதான் அப்பிரிவினையை ஆட்டங்காணச் செய்தது.

1915ஆம் ஆண்டு சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் ‘லான்செட்’ இதழில் மூன்று படைவீரர்களைப் பற்றி எழுதினார். அருகில் பீரங்கிக் குண்டு வெடித்தபின், அவர்களுக்கு நினைவும் பார்வையும் நாவின் சுவையும் மூக்கின் மணமும் குன்றின. ‘குண்டதிர்ச்சி’ என்று நாம் பெயர்த்துக்கொள்ளக்கூடிய சொல் அக்கட்டுரை வழியே மருத்துவ ஏட்டில் ஏறியது. வெடிப்பின் அழுத்தம் மூளையைக் குலுக்கியதா, அச்சம் மனத்தைக் குலைத்ததா என்ற வழக்கும் அன்றே தொடங்கிற்று.

வழக்கு ஏட்டளவில் நிற்கவில்லை. பிரிட்டிஷ் இராணுவம் நோயாளிகளை இரு கூறாக்கியது. பகைவர் குண்டால் நேர்ந்தது என்று சான்று பெற்றவர் ‘காயமுற்றவர்’. அவருக்குக் காயப்பட்டையும் ஓய்வூதிய உரிமையும் உண்டு. அச்சான்று பெறாதவர் வெறும் ‘நோயாளி’. அவருக்கு இரண்டும் இல்லை. ஒரே பதுங்குகுழியில் கிடந்த இருவரை ஓரெழுத்துப் பிரித்தது. எம் நோக்கில், அறிவியல் விடை காணாத வினாவுக்கு அலுவலகம் முந்திக்கொண்டு விடை எழுதிய கொடுமை இது.

இரண்டையும் பிரித்தறிவது ஏன் அரிது? உறக்கமின்மை, எரிச்சல், மறதி, கவனச்சிதறல் ஆகியவை இரண்டிலும் தோன்றுகின்றன. தலைச்சுற்றலும், ஒளியையும் ஒலியையும் தாங்க இயலாமையும் மூளைக்காயத்தின்பால் சாய்பவை. கொடுங்கனவும், நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்வதுபோன்ற மயக்கமும், அவ்விடத்தையும் பேச்சையும் ஒதுக்கி விலகுவதும் மனவடுவின்பால் சாய்பவை. லேசான மூளைக்காயம் சாதாரண ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் புலப்படுவதில்லை. மேலும், அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்னும் பகுதியை அடக்கியாள்வது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை. குலுங்கிய மூளையில் இக்கடிவாளம் தளருமானால், அச்சம் அடங்குவதும் கடினமாகிறது. ஒரு காயம் மற்றதற்கு வழிவிடுகிறது.

2008இல் சார்லஸ் ஹோஜும் அவர்தம் குழுவினரும் ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 அமெரிக்கக் காலாட்படையினரை வினவினர். காயத்தின்போது நினைவிழந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனநோயின் குறிகள் காணப்பட்டன. காயமே படாதோருள் இது 9 அளவினதே. மனநோயையும் மனச்சோர்வையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, தலைவலி நீங்கலாக ஏனைய உடற்குறைகளுக்கும் மூளைக்காயத்துக்கும் இருந்த தொடர்பு பெரிதும் மங்கிப்போயிற்று. ‘மூளை பழுதாயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று கைவிடப்பட்ட பலருக்கு, மனச்சிகிச்சையால் நலம் கிட்ட வழியுண்டு என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆயினும் துலாக்கோல் ஒருபுறமே சாயவில்லை. 2016இல் டேனியல் பெர்ல் குழுவினர், வெடிப்புகளுக்கு ஆளாகி நெடுநாள் கழித்து இறந்த ஐந்து படையினரின் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, சாம்பல்நிறப் பகுதியும் வெண்பகுதியும் கூடும் எல்லையில் தழும்புகளைக் கண்டனர். அந்த ஐவரும் உயிரோடிருந்தபோது மனவடு நோயாளிகள் என்றே குறிக்கப்பட்டவர்கள். மையர்ஸ் காலத்து வினா நூறாண்டு கழித்தும் உயிரோடிருக்கிறது.

ஜாசின் வட்டாரத்தில் கூடும் நமக்கு இது அயலார் கதையன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் படைவீரர் அல்லர், பால்மரம் சீவியவர்கள். அப்பாதையில் மூளையைத் தாக்கியவை குண்டுகளினும் மிகுதியாக அடியும், மலேரியாவும், பட்டினியுமே. உயிர்ச்சத்து பி1 அற்ற தீட்டிய அரிசியே உணவானபோது, பெரிபெரி மூளைவரை ஏறும்.

இதனை நாம் அறிவது போர்க்கைதிகளாயிருந்த டி வார்டனர், லெனாக்ஸ் எனும் இரு மருத்துவரால். சிங்கப்பூரில் கைதிகளின் மருத்துவமனையில் 52 நோயாளிகளிடம் விழிநடுக்கம், வாந்தி, மனக்குழப்பம், மறதி ஆகியவற்றைக் குறித்துவைத்தனர். பின்னர், காவலர் கண்ணில் படாதிருக்க அக்குறிப்புகளைத் தகரத்தில் அடைத்து ஒரு கல்லறையில் புதைத்தனர். போருக்குப்பின் தோண்டி எடுக்கப்பட்ட அவை 1947இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. பித்தம் தலைக்கேறியது எனத் தோன்றியதைப் பி1 ஊசி குணப்படுத்தியது என்பதும் அதில் பதிவாயிற்று.

தோட்டத் தொழிலாளர் முகாம்களிலோ, குறித்துவைக்கத் தமக்கென மருத்துவர் பெரும்பாலும் இருந்ததில்லை. மீண்டு வந்தவரின் இரவு அலறலையும் திடீர்ச் சினத்தையும் லயத்து மக்கள் ‘காற்று சேட்டை’ என்றோ ‘சயாமுக்குப் போய் வந்தவர், அப்படித்தான்’ என்றோ சொல்லி நகர்ந்திருந்தால், அவர்களைக் குறைகூற இயலாது. இன்று குடும்ப நினைவுகளைத் திரட்டும் மாணவர், எத்தனை பேர் இறந்தனர் என்பதோடு வேறு சிலவற்றையும் கேட்கலாம்: காய்ச்சலில் நினைவு தப்பியதா, தலையில் அடி விழுந்ததா, கால் வீங்கியதா, திரும்பிய பின் ரயில் ஓசையைக் கேட்டால் தாத்தா என்ன செய்வார்.