என்.எம்.எம்.எஸ்., எமிஸ், எஸ்.எம்.சி. – பள்ளிக்கூடம் சொல்றது புரியுதா?

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது: "என்.எம்.எம்.எஸ். எழுதும் மாணவர்கள் வருமானச் சான்று நகலுடன் வெள்ளிக்குள் விண்ணப்பிக்கவும்." நீங்கள் பார்த்துவிட்டு, 'ஏதோ பரீட்சை போல' என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது உங்கள் பிள்ளைக்கான 48,000 ரூபாய்!

தருமபுரி மாவட்டத்தில் பல குடும்பங்களில் அப்பா, அம்மா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் தாத்தா, பாட்டியிடம் வளர்வார்கள். பள்ளியோடு உங்களுக்கு இருக்கும் தொடர்பே கைபேசிதான் என்றால், அதில் வரும் சுருக்கப் பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பது ரொம்ப முக்கியம்.

பணம் தரும் பெயர்கள்

என்.எம்.எம்.எஸ். என்பது தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8-ஆம் வகுப்பு படிக்கும்போது மட்டுமே எழுத முடியும். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் 6,695 இடங்கள்.

தேர்வானால் மட்டும் போதாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்து, வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கணும், அதில் ஆதார் இணைந்திருக்கணும். பள்ளி சொல்லும் "டி.பி.டி." இதுதான்: பணம் யார் கைக்கும் போகாமல் நேரடியாகக் கணக்கில் விழும் முறை.

ட்ரஸ்ட் என்பது தமிழ்நாடு ஊரகத் திறனாய்வுத் தேர்வு. கிராமப்புறப் பள்ளிகளில் 9-ஆம் வகுப்பு படிப்பவர்களுக்கு உரியது. வருமான வரம்பு ஒரு லட்சம். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாவார்கள். 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் கிடைக்கும்.

இதுபோன்ற உதவிகளுக்கு வருமானச் சான்று கேட்பார்கள். கடைசி நாள் வரை காத்திருக்காதீங்க. பிள்ளை 8-ஆம் வகுப்புக்குப் போனதுமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

எண்களும் சான்றுகளும்

எமிஸ் என்பது கல்வித் தகவல் மேலாண்மை முறைமை. உங்கள் பிள்ளையின் எமிஸ் எண் தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கு மாறினாலும் கூடவே வரும். அதில் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் சரியா இருக்கான்னு வருடத்துக்கு ஒருமுறை வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். உங்கள் எண் மாறியிருந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

பென் என்பது இந்தியா முழுக்க மாணவருக்குத் தரப்படும் நிரந்தரக் கல்வி எண். பிள்ளையைக் கர்நாடகத்துக்குக் கூட்டிப் போகும் குடும்பங்கள் இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யூ-டைஸ் எண் என்பது பிள்ளையுடையது அல்ல, பள்ளியுடையது.

டி.சி., அதாவது மாற்றுச் சான்றிதழ், எல்லோருக்கும் தெரியும். ஆனால் இது பலருக்குத் தெரியாது: டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காக 8-ஆம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதாவது ஆர்.டி.இ., இப்படிச் சொல்கிறது. வேலைக்காக ஊர் மாறும் குடும்பங்கள் இதை மனதில் வையுங்கள்.

பி.எஸ்.டி.எம். என்பது தமிழ் வழியில் படித்ததற்கான சான்று. தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 1-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்பதால் பழைய பள்ளிகளின் சான்றும் தேவைப்படும்.

இதோடு சேர்த்து "7.5 சதவீதம்" என்றும் சொல்வார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த உள் ஒதுக்கீடு அது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிவானது. நடுவில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைத்தால், இதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

கூட்டமும் அலுவலகங்களும்

எஸ்.எம்.சி. என்பது பள்ளி மேலாண்மைக் குழு. "கூட்டம்னா கையெழுத்துப் போட்டுட்டு வர்றதுதானே" என்று நினைக்க வேண்டாம். சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்ற வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் இந்தக் குழுதான். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்றால் பேச வேண்டிய இடம் இது.

பள்ளியில் தீராத விஷயம் என்றால், தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு முதலில் பி.இ.ஓ., அதாவது வட்டாரக் கல்வி அலுவலர். அவருக்கு மேல் டி.இ.ஓ., மாவட்டக் கல்வி அலுவலர். மாவட்டம் முழுமைக்கும் சி.இ.ஓ., முதன்மைக் கல்வி அலுவலர்.

இன்றே செய்யலாம்

பிள்ளையின் எமிஸ் எண், பென் எண், பள்ளியின் யூ-டைஸ் எண் மூன்றையும் கைபேசியில் ஒரே இடத்தில் சேமித்து, ஊரில் இருக்கும் தாத்தா, பாட்டிக்கும் எழுதிக் கொடுங்கள். புரியாத சுருக்கப் பெயர் வந்தால் அன்றே வகுப்பாசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "இது எதுக்குங்க? எங்க பிள்ளைக்கு உண்டா? கடைசி தேதி எப்போ?" ஆசிரியரைப் பிடிக்க முடியவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்கு அழைக்கலாம். கேட்கக் கூச்சப்படாதீங்க. அர்த்தம் தெரியாதது தப்பில்லை. ஆனால் கடைசி தேதி போனால், 8-ஆம் வகுப்பு மறுபடி வராது.