மார்பில் ஒரு முதலை

முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி சட்டை, அம்மாவுக்குச் சேலை, தங்கைக்குச் சுடிதார். நம் வீடுகளில் இது எழுதப்படாத சட்டம். இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோதான் பையன் தனக்கென்று கடைக்குப் போகிறான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை, வேளச்சேரியில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு, பிடித்தம் போகக் கைக்கு வருவது 25,000 ரூபாய்க்குள். ரங்கநாதன் தெருவில் 500 ரூபாய்க்கே நல்ல சட்டை கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் மாலுக்குப் போய் 2,500 ரூபாய் கொடுத்து லூயி பிலிப் எடுக்கிறான். இன்னும் கொஞ்சம் துணிந்தவன் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து, பச்சை முதலை தைத்த லகோஸ்ட் டி-ஷர்ட்டையே வாங்கிவிடுகிறான்.

‘பந்தா’ என்று பெரியவர்கள் ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. அவனைச் சுற்றியிருப்பவர்கள் அவனை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதைப் பார்க்காமல் அவனை மட்டும் குறைசொல்வது அநியாயம்.

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெலிசன், மேயர்ஸ் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வணிக வளாகத்தில் ஒரு பெண் வருவோர் போவோரை நிறுத்தி, சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஒருநாள் அவர் அணிந்த ஸ்வெட்டரில் டாமி ஹில்ஃபிகர் சின்னம் இருந்தது. மறுநாள் அதே ஸ்வெட்டர், சின்னம் இல்லாமல். சின்னம் இருந்தபோது 52 சதவீதம் பேர் நின்று பேசினார்கள். இல்லாதபோது 13 சதவீதம் பேர்தான். வீடு வீடாக நன்கொடை கேட்டுப் போனபோதும் சின்னம் உள்ள உடைக்கே கூடுதல் பணம் விழுந்தது. ஆள் மாறவில்லை, பேச்சு மாறவில்லை, துணிகூட மாறவில்லை. மாறியதெல்லாம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தையல்.

இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க நம் பையனுக்கு டச்சு ஆய்வாளர்கள் தேவையில்லை. செக்யூரிட்டி ஒருவனை நிறுத்தி ஐ.டி. கார்டு கேட்பதையும், இன்னொருவனுக்கு வணக்கம் வைப்பதையும் அவன் தினமும் பார்க்கிறான். சங்கரன்கோவிலிலிருந்தோ அரூரிலிருந்தோ வந்தவன். வீட்டில் முதல் பட்டதாரி. ஆங்கிலம் வாயைத் திறந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளியின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மீட்டிங்கில் வாய் திறப்பதற்கு முன் கிடைக்கும் அந்த அரை நிமிடத்துக்கு அவன் கையில் இருப்பது சட்டை ஒன்றுதான்.

அந்த அரை நிமிடத்தின் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. கண்ணில் படும் பொருள்களுக்கு இந்தியக் குடும்பங்கள் செய்யும் செலவைக் காமிஸ், பிரகாஷ், சித்திக் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். வருமான வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தபிறகும், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் முன்னேறிய சாதியினரைவிட 8 சதவீதம் அதிகமாக இப்படிப்பட்டவற்றுக்குச் செலவழிப்பது தெரிந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்களிடமும் இதே போக்கை 2009-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருந்தது. நாலு பேர் உன்னை ‘இல்லாதவன்’ என்று முன்கூட்டியே முடிவுகட்டும் இடத்தில், இருக்கிறது என்று காட்ட நீ கூடுதலாகச் செலவு செய்தாக வேண்டும். பரம்பரையாகச் சொத்துள்ளவனுக்கு இந்தச் செலவு இல்லை.

யார் எதை உடுத்தலாம் என்று ஊரும் அரசும் சேர்ந்து கட்டளை போட்ட மண் இது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தென் திருவிதாங்கூரில், மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி, 1859-ல்தான் அரசாணை பெற்றார்கள். தோளில் துண்டு போட்டதற்காகவும் காலில் செருப்பு மாட்டியதற்காகவும் அடிவாங்கியவர்களின் பேரன்கள் இன்று அலுவலக லிஃப்டில் நிற்கிறார்கள். அம்பேத்கர் சிலைகளுக்கு ஏன் கோட்டும் டையும் என்று புரிந்தவர்களுக்கு இந்த லூயி பிலிப்பும் புரியும்.

இதை வியாபாரிகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஒருகாலத்தில் துணி எடுத்துத் தைப்பதுதான் வழக்கம். ஊரிலேயே பேர்போன டெய்லரின் லேபிள் காலருக்கு உள்ளே இருக்கும். சட்டையைக் கழற்றினால்தான் தெரியும். மதுரையில் ஹார்வி மில் என்று நம் தாத்தாக்கள் அழைத்த ஆலையின் வழிவந்த மதுரா கோட்ஸ் நிறுவனம், ஆயத்த ஆடைக்கென மதுரா கார்மென்ட்ஸைத் தொடங்கியது. 1989-ல் லூயி பிலிப், அடுத்த ஆண்டு வான் ஹூசன், 1993-ல் ஆலன் சோலி. ஒரு பிரெஞ்சு அரசரின் பெயரில் சட்டை விற்ற கம்பெனியின் பெயரில் மதுரை இருந்தது. 1999-ல் அதை ஆதித்ய பிர்லா குழுமம் வாங்கியது. தாராளமயத்துக்குப் பின் பெருகிய அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை என்ன போடுவது என்பதைக்கூட ஆலன் சோலி விளம்பரங்கள்தான் கற்றுக்கொடுத்தன. காலருக்குள் ஒளிந்திருந்த பெயர் மெல்ல மார்புக்கு வந்தது. பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் 1933-லேயே தன் பட்டப்பெயரான முதலையைச் சட்டைக்கு வெளியே தைத்து விற்றவர். அந்த வழியில் நாம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.

பெண்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். அவர்கள் உலகில் சின்னம் தெரிந்தால் மதிப்பு குறையும். 1960-ல் ஏற்றுமதி நிறுவனமாகத் தொடங்கிய ஃபேப்இந்தியாவின் குர்தாவில் வெளியே எந்த எழுத்தும் கிடையாது. அச்சையும் துணியின் கனத்தையும் வைத்துத் தெரிந்தவர்கள் தெரிந்துகொள்வார்கள். பாண்டி பஜாரில் அதே நிறத்தில் குர்தா எடுத்த பெண்ணுக்கு, எதில் தவறினோம் என்பதே தெரியாது. ஆண்களிடமும் மேலே போகப் போக இதுதான் நடக்கிறது. ஸ்டீவ் ஜாப்ஸின் வெறும் கறுப்புச் சட்டை ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே செய்துகொடுத்தது. எளிமை என்று நாம் கும்பிடுவதற்கும் ஒரு நுழைவுக் கட்டணம் இருக்கிறது.

திருப்பூரில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் வேறு மாதிரி வலிக்கும். 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் அது. அங்கே காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட்டுகளைக் குவித்து விற்கிறார்கள். பலவற்றில் லேபிளை வெட்டியிருப்பார்கள். அதே நூல், அதே சாயம், அதே தையல். கத்தரி பட்டதும் விலை சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. வெட்டி எறிந்த அந்தத் துணித்துண்டின் விலையைத்தான் அந்த ஊர்ப் பையன் சென்னையில் கொடுக்கிறான். அந்தப் பணத்தில் பெரும்பங்கு கடை வாடகைக்கும் விளம்பரத்துக்கும் லாபத்துக்கும் போகிறது. ஓவர்லாக் மெஷினில் பத்து மணி நேரம் குனிந்திருக்கும் அவன் அம்மாவுக்குப் போவது மிகக் கொஞ்சம்.

ஆகவே வாங்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேர்காணலுக்கும் கிளையன்ட் சந்திப்புக்கும் நல்ல சட்டை இரண்டு இருக்கட்டும். பயமெல்லாம், ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று போனிலேயே கடன் நீட்டும் செயலிகளைப் பற்றித்தான். சட்டை வெளுப்பதற்குள் தவணை முடிந்தால் சரி. தவணை தவறிவிட்டால், வீடு கட்டவோ கல்யாணத்துக்கோ கடன் கேட்டுப் போகும்போது அந்தக் கறுப்புப் புள்ளி வங்கியில் வந்து நிற்கும். சட்டைக்குக் கிடைக்கும் மரியாதையும் அந்நியர்களிடம்தான். டீமில் ஆறு மாதம் கூட வேலை பார்த்தவர்கள், இவன் எழுதிய கோட் ஓடுகிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். பதவி உயர்ந்து, ஆன்சைட் போய் வந்த அதே ஆள், சாயம் போன டெகாத்லான் டி-ஷர்ட்டில் நிம்மதியாக அலுவலகம் வருவதையும் காணலாம்.

அதுவரைக்கும் இந்தச் செலவை அவன் தலையிலேயே கட்ட வேண்டுமா? வளாகத் தேர்வு வந்தால் போதும், கல்லூரிகள் வெளிர்நிறச் சட்டை, கறுப்பு பேன்ட், டை, ஷூ என்று பட்டியல் கொடுத்துவிடுகின்றன. அதில் பிராண்ட் பெயர் இருக்காது. அதை சீனியர்கள் காதில் சொல்வார்கள், அப்பா வட்டிக்கு வாங்குவார். தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் முதல் சுற்று முழுவதையும் ஆளைப் பார்க்காமல் எழுத்திலும் கணினியிலும் நடத்தட்டும். நேரில் வருபவர்கள் கல்லூரிச் சீருடையில் வந்தால் போதும் என்று அழைப்புக் கடிதத்திலேயே அச்சிடட்டும். ஒரு வரிதான். இந்த வருடமே செய்யலாம்.