வானிற் செல்லும் செய்மதியும் கற்பிட்டிக் கிணறும்

புத்தளம் களப்பின் கரையில் நின்று நோக்கும் கமக்காரருக்கு அன்றைய நீரும் அன்றைய கரையுமே தென்படும். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் கண்டல் நின்றதா, வெற்று உவர்நிலம் கிடந்ததா என்று வினவினால், அயலவர் இருவர் ஒரே விடை கூறுவது அரிது. இவ்வழக்கைத் தீர்க்கத்தக்க சாட்சி வானில் உண்டு. 1972 யூலையில் அமெரிக்கா ஏவிய முதலாவது லாண்ட்சற் செய்மதி தொடக்கம், அவ்வரிசைச் செய்மதிகள் புவியின் நிலப்பரப்பைப் படம்பிடித்து வருகின்றன. 2008 முதல் இப்படங்கள் எவருக்கும் இலவசம்.

பச்சை இலை சிவப்பொளியை உறிஞ்சி, கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரைப் பெருமளவில் திருப்பி அனுப்பும். நீரோ அக்கதிரை விழுங்கிவிடும். இதனாற் கண்டற்காட்டையும் இறாற் குளத்தையும் வேறுபிரித்தறியலாம். 1980களின் பின் களப்போரக் கண்டல்களும் சேற்றுநிலங்களும் இறாற் பண்ணைகளாக மாறியதும், 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபின் பல குளங்கள் கைவிடப்பட்டதும் இவ்வாறே ஆண்டுவாரியாகப் பதிந்துள்ளன. உவர்நீர் தேக்கிய குளத்தின் கசிவு அயல் வயலையும் கிணற்றையும் கெடுக்கும் ஆதலின், இப்பதிவு கமக்காரருக்கும் உரியதே. படத்தின் ஒரு புள்ளி 30 மீற்றர் சதுரம். ஏறக்குறைய 36 பேர்ச். அதனிலும் சிறிய தோட்டத்தை இதில் தேடுதல் வீண்.

எனினும் கற்பிட்டியின் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் உயிரான நிலத்தடி நன்னீரை இச்செய்மதி காணாது. புவியீர்ப்பின் மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீரை நிறுத்தறிந்த கிரேஸ் என்னும் இரட்டைச் செய்மதிகள் 2002 முதல் 2017 வரை இயங்கின. அவை பல நூறு கிலோமீற்றர் அகன்ற பரப்பையே நிறுத்தன. இக்குடாநாடு அத்தராசுக்கு மிகச் சிறிது.

இங்கு மணலில் இறங்கிய மழைநீர், பாரம் கூடிய கடல்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்து அவ்வாறே நீடித்தால், கீழே உவர்நீர் 40 அடி எழ முற்படும். பசளையையும் மணல் தாங்காது. மிகையான யூரியா நைத்திரேற்றாகிக் கிணற்றை அடையும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று; இக்குடாநாட்டிற் பல கிணறுகள் அதனைக் கடந்துள்ளன. அந்நீரைக் கைக்குழந்தையின் பாலிற் கலத்தல் ஆகாது.

ஆகவே மாதம் ஒருமுறை, காலையில் பம்பியை இயக்குமுன், கிணற்றின் நீர்மட்டத்தை முடிச்சிட்ட கயிற்றால் அளந்து திகதியுடன் குறித்தல் வேண்டும். ஒரே மூச்சில் நெடுநேரம் இறைப்பதிலும் இரு வேளையாக இறைத்தல் நன்று. யூரியாவையும் பிரித்தே இடுக. மாரி தொடங்குமுன் புரட்டாதியில் எடுக்கும் அளவைத் தவறவிடலாகாது. அப்பொழுதே நீர் மிகத் தாழ்ந்திருக்கும்.