சோர்வெல்லாம் முதுமையல்ல

ஆண்டு மலருக்கு மருத்துவக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழு அன்பர்கள் கேட்டார்கள். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் ஆகியவை பற்றி நம் மக்கள் ஓரளவு அறிந்திருக்கிறார்கள். ஆகவே, பலருக்கு இருந்தும் வெளியே தெரியாமல் இருந்துவிடும் தைராய்டு சுரப்புக் குறைவைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்னிடம் தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒருவரிடம் இந்த நோயை இரண்டு ஆண்டுகள் நான் கண்டுபிடிக்கத் தவறினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து மருந்துகள்

அந்த அம்மாவுக்கு அப்போது வயது 64. வெள்ளிக்கிழமை பூசையில் தேவாரம் பாடுவார். அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்குவதில் முதல் ஆளாக நிற்பார். அப்படிப்பட்டவரை ஒருநாள் மருமகள் என் கிளினிக்குக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

"அத்தைக்கு முன்ன மாதிரி முடியல டாக்டர். கோயிலுக்குக்கூடப் போறதில்ல. எந்நேரமும் படுத்தே இருக்காங்க."

"சோம்பேறியாயிட்டேன் தம்பி, வேற ஒன்னுமில்ல" என்று அந்த அம்மா சிரித்தார்.

சோதித்ததில் சர்க்கரை இல்லை. இரத்தம் சற்றுக் குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். கொழுப்பு அதிகமாக இருந்தது. அதற்கு ஒரு மாத்திரை. மலச்சிக்கலுக்கு ஒன்று. தோல் வறண்டு அரித்ததால் பூசுவதற்கு ஒரு களிம்பு. சில மாதங்களில் கால் தசைகள் வலிப்பதாகச் சொன்னார். அதற்கும் ஒரு மருந்து. ஐந்து குறைகளுக்கு ஐந்து மருந்துகள் எழுதிய நான், ஐந்துக்கும் வேர் ஒன்றாக இருக்கலாமே என்று எண்ணவில்லை. வயதாகிவிட்டது என்று மருமகள் நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு மாலை தாதி வீட்டுக்குப் போய்விட்டதால் தொலைபேசியை நானே எடுத்தேன். கனத்த, மெதுவான ஒரு குரல். யாரோ முதியவர் என்று எண்ணி, "ஐயா, யாரு பேசுறீங்க?" என்று கேட்டேன். "தம்பி, நான்தான்" என்றார் அந்த அம்மா. கோயிலில் எத்தனையோ முறை கேட்டுப் பழகிய குரல், எனக்கே அடையாளம் தெரியவில்லை. குரல் கரகரப்பது தைராய்டு குறைவின் அறிகுறிகளில் ஒன்று என்பது அப்போதுதான் மனத்தில் தைத்தது. மறுநாள் காலை இரத்தம் எடுத்து அனுப்பினேன். டி.எஸ்.எச். அளவு 62 என்று வந்தது. அது 4-ஐச் சுற்றி முடிய வேண்டிய கணக்கு.

மண்டோரும் தொழிலாளியும்

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சிறு சுரப்பி. இது சுரக்கும் தைராக்சின் என்ற ஹார்மோன், உடலின் ஒவ்வோர் உறுப்பும் எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. அது குறைந்தால் குடல் மந்தமாகும், இருதயத் துடிப்பு குறையும், கொழுப்பு இரத்தத்தில் தேங்கும், மனமும் மங்கும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு மண்டோரைத் தெரியும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் இங்கே மண்டோர். டி.எஸ்.எச். என்பது அவர் போடும் சத்தம். தொழிலாளியாகிய தைராய்டு ஒழுங்காக வேலை செய்தால் மண்டோர் மெதுவாகப் பேசுவார். தொழிலாளி தளர்ந்தால் அவர் சத்தத்தைக் கூட்டுவார். ஆகவே டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் பெரும்பாலும் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள். "டி.எஸ்.எச். கூடியிருக்கிறது, அதனால் எனக்குத் தைராய்டு அதிகம்" என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அபூர்வமாக மண்டோரே நோயுறுவதும் உண்டு. அதனால் சந்தேகம் இருந்தால் டி4 அளவையும் சேர்த்துப் பார்ப்போம்.

நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே இந்தச் சுரப்பியைப் பகையாக எண்ணித் தாக்குவது ஒரு முக்கியக் காரணம். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ இதை 1912-இல் விவரித்தார். அவர் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே இது பல மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. குடும்ப வழியாகவும் தொடர்கிறது.

யார் சோதித்துக்கொள்ள வேண்டும்?

காரணமில்லாத சோர்வு, உடல் எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல், மறதி, குரல் மாற்றம், மாதவிடாய் ஒழுங்கின்மை, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவை இதன் அறிகுறிகள். நம் ஊர் வெயிலில் ஒருவர் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்வை கேட்டால் கொஞ்சம் கவனியுங்கள். இவற்றில் எதுவும் தைராய்டுக்கு மட்டுமே உரியதல்ல. இரத்தச்சோகை, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே வேடத்தில் வரும். ஊகத்தில் மருந்து கொடுக்க முடியாது. இரத்தப் பரிசோதனையே தீர்ப்புச் சொல்லும். கொழுப்பு அதிகமாக இருப்பவர்கள் அதற்கான மாத்திரையைத் தொடங்கும் முன் தைராய்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. தைராய்டு குறைவே கொழுப்பைக் கூட்டும். அந்நிலையில் கொழுப்பு மாத்திரை தசைவலியையும் தரக்கூடும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை செய்யப்படுகிறது. முடிவு சரியில்லை என்று மருத்துவமனை அழைத்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். குறையோடு பிறந்த குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி காக்கப்படும்.

மருந்து சைவமா?

இக்கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது, நியாயமான கேள்வியும்கூட. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், செம்மறி ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தி 46 வயதுப் பெண்மணி ஒருவரைக் குணப்படுத்தினார். அப்பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-இல் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டன், பார்ஜர் இருவரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக உருவாக்கினார்கள். இன்று நாங்கள் கொடுக்கும் லெவோதைராக்சின் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. விலங்கின் சுரப்பியிலிருந்து எடுக்கப்படுவதல்ல. மாத்திரையில் சேரும் பிற பொருள்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சாப்பிடும் முறை

இந்த வைத்தியத்தில் பாதி, மாத்திரையை எப்படி விழுங்குகிறோம் என்பதில் இருக்கிறது.

1. காலையில் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீருடன் சாப்பிட வேண்டும். காப்பி, பால், பசியாறல் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே.

2. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடலில் சேராது.

3. விரதம் இருப்பவர்கள் மருந்தை நிறுத்த வேண்டாம். விடியற்காலையில் தண்ணீருடன் சாப்பிடலாம். தண்ணீரும் அருந்தாத விரதமானால் முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் பேசி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இம்மருந்தின் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ 7 நாள் ஆகும். ஒருநாள் தவறினால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் 48 நாள் விரதம் முழுவதும் நிறுத்திவைப்பது கெடுதல்.

4. கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் மருந்தின் தேவை கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை கூடும். முதல் மாதங்களில் கருவிலுள்ள சிசு தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது.

5. முடி வளர்ச்சிக்காக விற்கப்படும் பயோட்டின் மாத்திரை சோதனை முடிவைத் தவறாகக் காட்டும். இரத்தம் எடுக்கும் முன் குறைந்தது 2 நாள் நிறுத்த வேண்டும்.

6. நலமாகிவிட்டது என்று தானாக நிறுத்தக்கூடாது. பெரும்பாலோருக்கு இது வாழ்நாள் மருந்து. இளைப்பதற்காகக் கூடுதலாகச் சாப்பிடவும் கூடாது. அளவு மிஞ்சினால் இருதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்.

டி.எஸ்.எச். சற்றே உயர்ந்திருக்கும் எல்லாருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. முதியவர்களுக்கு, 10-க்குள் இருந்தால், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மறுபடி பார்த்து முடிவெடுப்பதே பல நேரங்களில் போதும்.

குரல் திரும்பியது

அந்த அம்மாவுக்கு இருதயத்தைச் சோதித்த பிறகு 25 மைக்ரோகிராமில் தொடங்கினேன். முதியவர்களுக்கு எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் இருதயம் தாங்காது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து 75 வரை உயர்த்தினேன். ஏறக்குறைய ஆறு மாதத்தில் டி.எஸ்.எச். 2.8-க்கு வந்தது. கொழுப்பு தானாக இறங்கியது. அந்த மாத்திரையை நிறுத்தினேன். கால்வலி போயிற்று. ஐந்து மருந்துகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது.

"முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும், என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"நீங்க மட்டுமா தம்பி? நானே என்னைச் சோம்பேறின்னுதானே திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். பக்கத்தில் நின்ற மருமகள் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது அவர் வெள்ளிக்கிழமைகளில் மீண்டும் பாடுகிறார். மேல் சுருதி முன்போல் எட்டவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். கேட்கும் எங்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் சுறுசுறுப்பாக இருந்த ஒருவர் மெல்ல மெல்ல ஒடுங்கிப் போயிருக்கலாம். வயதாகிவிட்டது என்றோ, மனம் இல்லை என்றோ முடிவு கட்டுவதற்கு முன் ஒருமுறை இரத்தம் எடுத்துப் பாருங்கள்.