ஒரே குழாய், இரண்டு விலை: ஆனைமலை எல்லையில் வண்டிகள் எந்த பங்க்கில் நிற்கின்றன?

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போகும் எந்தச் சாலையைப் பிடித்தாலும் அரைமணி நேரத்தில் கேரளம் வந்துவிடும். கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லை ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனைமலைக்காரர்களுக்கு அது இன்னும் பக்கம். எல்லைக்குச் சற்று முன்னால், நம் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்க்குகளில் 'கேஎல்' பதிவெண் கொண்ட வண்டிகளைப் பார்ப்பது இங்கே சாதாரணம். பழனி மலையேறி மொட்டை போட்டுத் திரும்பும் மலையாளிக் குடும்பங்களின் வேன், மாட்டுச் சந்தைக்கு வந்து போகும் மினி லாரி, டாப்சிலிப் பார்த்துவிட்டு இறங்கும் கார் எல்லாம் 'ஃபுல் பண்ணுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் எல்லையைத் தாண்டுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோவை வட்டாரத்துக்கு வரும் எரிபொருளில் கணிசமான பங்கு கேரளத்திலிருந்துதான் வருகிறது. கொச்சி அம்பலமுகளில் உள்ள சுத்திகரிப்பு ஆலையிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் வரை சுமார் 290 கிலோமீட்டர் நீளக் குழாய் 2002 முதல் ஓடுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் மண்ணுக்கடியில் வந்து இருகூரில் இறங்கும் டீசல், டேங்கர் லாரியில் ஏறிப் பொள்ளாச்சி, ஆனைமலை பங்க்குகளுக்குப் போகிறது. அதை வாங்கக் கேரள வண்டி எல்லை தாண்டி வருகிறது. ஆலைக்குப் பக்கத்தில் விலை அதிகம், தூரத்தில் குறைவு. காரணம் வரி.

ஒன்றிய அரசின் கலால் வரி நாடு முழுவதும் ஒன்றுதான். அதற்கு மேல் மாநிலம் போடும் விற்பனை வரியில்தான் கணக்கு பிரிகிறது. தமிழ்நாடு டீசலுக்கு 11 சதவீதத்தோடு லிட்டருக்கு 9.62 ரூபாய் என்று நிலையான தொகை ஒன்றையும் சேர்த்து வாங்குகிறது. கேரளத்தின் விற்பனை வரி 22.76 சதவீதம். அதோடு ஒரு ரூபாய் கூடுதல் வரி, ஒரு சதவீத செஸ். போதாததற்கு, நிதியமைச்சர் கே.என். பாலகோபால் 2023 பிப்ரவரியில் தாக்கல் செய்த பட்ஜெட்டில் சமூகப் பாதுகாப்பு நலத்திட்டங்களுக்காக லிட்டருக்கு இரண்டு ரூபாய் செஸ் அறிவித்தார். 2023 ஏப்ரல் 1 முதல் அதுவும் சேர்ந்துகொண்டது.

எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். மாநில வரிக்கு முன் டீசல் 74 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டு வரி 17.76 ரூபாய் வரும். கேரளத்தில் அது 20 ரூபாயைத் தொட்டுவிடும். வித்தியாசம் இரண்டு ரூபாய்க்குச் சற்று மேலே. அந்த 2023 செஸ்ஸை எடுத்துவிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோகும். டீசல் வண்டிகளைக் கூட்டமாக நம் பக்கம் தள்ளிவிட்டது அந்த இரண்டு ரூபாய்தான் என்பது என் கணிப்பு. பெட்ரோல் கதை வேறு. அங்கே கேரளம் அதே கூடுதல் வரி, செஸ்களோடு 30.08 சதவீதம், இங்கே 13 சதவீதத்தோடு 11.52 ரூபாய். ஐந்து ரூபாய் அளவுக்கு இடைவெளி விழுகிறது.

அந்த 13 சதவீதத்துக்கும் ஒரு பின்கதை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோல் வரியை லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தார். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று சொல்லிவிட்டே செய்தார். டீசலுக்குக் குறைப்பு இல்லை. டீசலுக்கு நான்கு ரூபாய் குறைப்பு என்று அவர் கட்சியின் தேர்தல் அறிக்கையில் இருந்ததை லாரி உரிமையாளர்கள் இன்றும் மறக்கவில்லை. இரு சக்கர வண்டிக்காரருக்குக் கிடைத்தது லாரிக்காரருக்குக் கிடைக்கவில்லை என்ற அந்த மனத்தாங்கல் நியாயமானதே.

ஆனைமலையில் இளநீர் ஏற்றி வடக்கே கிளம்பும் லாரிக்கோ கேரளத்து விலையைப் பற்றிக் கவலையே இல்லை. அதற்குக் கணக்கு ஓசூருக்கு அந்தப் பக்கம். 2021 நவம்பரில் ஒன்றிய அரசு டீசலுக்குப் பத்து ரூபாய் கலால் வரி குறைத்தபோது, கர்நாடகம் தன் பங்குக்கு ஏழு ரூபாய் குறைத்தது. அன்றிலிருந்து தமிழ்நாட்டு லாரிகள் அத்திப்பள்ளி போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் இங்கே டீசல் போட்டுக்கொண்டு, எல்லை தாண்டி டேங்கை நிரப்பின. பிறகு 2024 ஜூனில் கர்நாடகம் டீசல் வரியை 14.3 சதவீதத்திலிருந்து 18.4 ஆக்கியது, 2025 ஏப்ரலில் 21.17 ஆக்கியது. இடைவெளி சுருங்கியது. நேற்று வரை அத்திப்பள்ளி பங்க்கில் வரிசையில் நின்ற டிரைவர் இன்று கிருஷ்ணகிரியிலேயே நிரப்பிக்கொள்ளத் தயங்குவதில்லை. அந்த பங்க்காரர் எதுவும் கெடுக்கவில்லை. பெங்களூரில் ஒரு அரசாணை வந்தது, அவ்வளவுதான்.

மாஹேக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். புதுச்சேரிக்குச் சொந்தமான இந்தச் சிற்றூர் கேரளக் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் வித்தியாசம் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் போனது உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் போகும் வண்டியெல்லாம் அங்கே நின்றுதான் போகும். 2024 மார்ச்சில் தலச்சேரி-மாஹே புறவழிச்சாலை திறந்ததும் வண்டிகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கின. விலை அதே மலிவுதான், சாலைதான் நகர்ந்துவிட்டது.

எல்லை தாண்டுவது எல்லாருக்கும் லாபமா? நான்கு கிலோமீட்டர் மைலேஜ் தரும் லாரி 300 லிட்டர் நிரப்பினால், இரண்டேகால் ரூபாய் வித்தியாசத்தில் 675 ரூபாய் மிச்சம். அதற்காக 20 கிலோமீட்டர் சுற்றினால் ஐந்து லிட்டர் டீசல், ஏறத்தாழ 460 ரூபாய் போய்விடும். ஒரு மணி நேரம் வேறு போகும். கார்க்காரர் நிலை இன்னும் மோசம். 35 லிட்டர் பெட்ரோலில் மிச்சம் 175 ரூபாய். போக வர 30 கிலோமீட்டர் என்றால் எரிவது இரண்டு லிட்டர். 200 ரூபாய் கைவிட்டுப் போகும். போகிற வழியில் இருந்தால் மட்டும் லாபம். எல்லையிலிருந்து எட்டிக் கிடக்கும் பாலக்காட்டுக்காரர்கள் பெட்ரோலுக்கென்றே வண்டி எடுத்துக்கொண்டு வருவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு சுற்றும் ஆர்வி பயணிகள், பைலட், லவ்ஸ் போன்ற பெரிய லாரி நிறுத்தங்களில் உறுப்பினர் அட்டை வைத்துக்கொண்டு கேலனுக்குச் சில சென்ட் மிச்சம் பிடிக்கிறார்கள். நம் ஊரில் அந்த வகை வண்டி அபூர்வம். 2021-ல் கேரளம் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தும் ஆனைமலைச் சாலையில் அது கண்ணில் படுவதில்லை. நம்முடைய ஆர்வி என்று சொல்ல வேண்டுமானால், கேஸ் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டையோடு கோயில் கோயிலாகப் போகும் டெம்போ டிராவலர்தான். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு அமாவாசைக்கு வரும் வேன்களைப் பாருங்கள். நிழல், தண்ணீர், கழிப்பறை மூன்றும் இருக்கும் இடத்தில்தான் நிற்கும். பங்க்கில் அடுப்புப் பற்றவைக்க முடியாது என்பதால் சமையல் ஆழியாற்றங்கரைப் பக்கம் நடக்கும். ஆனால் வேனில் பெண்கள் இருந்தால், எந்த பங்க் என்பதை முடிவு செய்வது டிரைவர் அல்ல, கழிப்பறைதான். சுத்தமான கழிப்பறைக்காக இரண்டு ரூபாய் வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. பூட்டுப் போட்டுச் சாவியை ஆபீசில் வைத்திருக்கும் பங்க்குக்கு அந்த வேன் மறுமுறை வராது.

அடுத்தது அளவு. 'ஜீரோ பாத்துக்குங்ண்ணா' என்று பையன் குழாயை மாட்டும்போதே சொல்வது வழக்கம். ஜீரோ பார்த்தும் சந்தேகம் தீராதவர்கள் 500 என்று சொல்ல மாட்டார்கள், 510 என்பார்கள். முழு எண்ணுக்கு மெஷினில் ஏதோ செட் பண்ணி வைத்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. இதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. மெஷினில் கோளாறு இருந்தால் 510-க்கும் இருக்கும். உறுதியாகப் பார்க்க வேண்டுமானால் வழி வேறு. ஒவ்வொரு பங்க்கிலும் எடையளவுத் துறை முத்திரை குத்திய ஐந்து லிட்டர் அளவுக் குவளை இருக்க வேண்டும். கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். அடர்த்திமானியும் வடிதாளும் கேட்கலாம்; வடிதாளில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விட்டு, காய்ந்ததும் கறை நின்றால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். கேட்பவர்கள் குறைவு. ஆனால் 'அந்த பங்க்கில் போட்டால் மைலேஜ் வருது' என்று லாரிக்காரர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் அதை எந்த விளம்பரமும் விலைக்கு வாங்க முடியாது.

உள்ளூர் வண்டிகளைக் கட்டிப்போடுவது கழிப்பறை, அளவு இரண்டையும்விடக் கடன்தான். தேங்காய், மட்டை, தென்னை நார் ஏற்றும் வண்டிக்காரருக்கு லோடு பணம் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பங்க்கில் பில் போட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். மாதக் கடைசியில் தீர்ப்பார்கள். இந்த நோட்டுக் கணக்கு இருக்கும்வரை பக்கத்து பங்க்கில் ஐம்பது பைசா குறைவு என்று சொன்னாலும் வண்டி நகராது. இதைப் பெரிய நிறுவனங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃபிளீட், இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டிரைவ்டிராக் பிளஸ் ஆகிய அட்டைகள் அந்த நோட்டின் இடத்தைப் பிடித்தன. இப்போது வண்டி விஜயவாடாவில் டீசல் போட்டால் நாமக்கல்லில் முதலாளியின் போனுக்குச் செய்தி வந்துவிடுகிறது. எங்கே நிற்பது என்ற முடிவு டிரைவர் கையிலிருந்து முதலாளி கைக்குப் போனது இப்படித்தான். பங்க் தரும் டீயும் துண்டும் டிரைவரை மயக்கிய காலம் முடிந்துவிட்டது. புள்ளிகள் முதலாளி கணக்கில் ஏறுகின்றன. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி உரிமையாளர் சங்கங்களே பங்க் நடத்துகின்றன. கொங்கு நாட்டுக்காரர் கணக்கு இதில் தெரியும்.

விசுவாசத்தை விலை எவ்வளவு சீக்கிரம் கரைக்கும் என்பதற்கு ரிலையன்ஸ் கதையே போதும். 2000-களின் நடுவில் அது நெடுஞ்சாலைகளில் பெரிய பங்க்குகள் திறந்தது. குளிக்க இடம், சாப்பாடு, வண்டி நிறுத்த விரிந்த இடம் என்று டிரைவர்கள் கூட்டமாகப் போனார்கள். கச்சா எண்ணெய் விலை ஏறியபோது அரசு நிறுவனங்களின் நட்டத்தை அரசு ஈடுசெய்தது. தனியாருக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் விலையை ஏற்ற வேண்டியதாயிற்று. குளியலறையை மறந்து லாரிகள் பழைய பங்க்குகளுக்கே திரும்பின. 2008-ல் 1,400-க்கும் மேற்பட்ட பங்க்குகளை ரிலையன்ஸ் மூடியது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகே தனியார் மீண்டும் தலைதூக்கினார்கள். 2022-ல் அரசு நிறுவனங்கள் விலையைப் பிடித்து வைத்தபோது தனியார் பங்க்குகள் விலை கூடி ஈ ஓட்டின. 2023-ல் நயாராவும் ஜியோ-பிபியும் ஒரு ரூபாய் குறைத்து விற்றபோது லாரிகள் அங்கே திரும்பின.

தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்ற ஏற்பாடு 2017 ஜூன் 16-ல் வந்தது. அதற்கு முன் மாதத்தில் இரண்டு முறைதான் மாறும். விலை ஏறப்போகிறது என்று செய்தி வந்த ராத்திரியில் பங்க்குகளில் திருவிழாக் கூட்டம் நிற்கும். அதே 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வாளையாறு எல்லையில் வணிகவரிச் சோதனைச் சாவடி போனது. சரக்கு லாரிகள் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வரிசையில் கிடந்த இடம் அது. காத்திருக்கும் டிரைவர்களை நம்பி ஓடிய சாப்பாட்டுக் கடைகளும் டயர் பட்டறைகளும் அந்த வியாபாரத்தை இழந்தன. நிற்க வேண்டிய கட்டாயம் போனதும் லாரி தனக்கு லாபமான இடத்தில் நிற்கத் தொடங்கியது. தூங்குவதற்கு மட்டும் இன்னும் இடம் தேட வேண்டியிருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் 'அப்னா கர்' என்ற பெயரில் பங்க்குகளிலேயே டிரைவர்களுக்குத் தங்குமிடம் கட்டிவருகின்றன. 2025 ஜூலைக் கணக்கில் நாடு முழுவதும் 368 இடங்கள், 4,611 படுக்கைகள். இந்தியச் சாலைகளில் ஓடும் லாரிகளின் எண்ணிக்கைக்கு இது சோளப்பொரி.

சாவடியை எடுத்த ஜிஎஸ்டி டீசலைத் தொடவில்லை. கேரள உயர்நீதிமன்றம் கேட்டதால் 2021 செப்டம்பர் 17-ல் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பெட்ரோலையும் டீசலையும் சேர்ப்பது பற்றி விவாதித்து, இது நேரமில்லை என்று ஒதுக்கியது. மாநிலங்கள் தாங்களே விகிதம் வைத்து வசூலிக்கும் பெரிய விற்பனை வரிகளில் மிஞ்சியிருப்பது இதுவும் மதுவும்தான் என்பதால் தமிழ்நாடு, கேரளம் இரண்டும் இதில் ஒரே பக்கம். அதனால் மீனாட்சிபுரம் எல்லைக்கு இந்தப் பக்கம் பங்க் வைத்திருப்பவருக்கு இப்போதைக்குக் கவலை இல்லை; திருவனந்தபுரத்தில் அடுத்த பட்ஜெட் வாசிக்கும் நாளில் மட்டும் டிவியைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.